மணமக்கள் பெயருக்கு ஸ்கிரிப்ட் எழுத்துரு: இருமொழி அழைப்பிதழ் செய்வோருக்கு

ஸ்கிரிப்ட் எழுத்துரு என்பது சாய்ந்து, வளைந்து, ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஆங்கில வனப்பெழுத்து. சிங்கப்பூரில் அடிக்கும் இருமொழிக் கல்யாண அழைப்பிதழ்களில் ஆங்கிலப் பக்கத்து மணமக்கள் பெயருக்கு அதைத்தான் பலரும் கேட்கிறார்கள். பெயரோடு நிறுத்திக்கொண்டால் அழகு. அழைப்பிதழ் முழுவதையும் அதிலேயே அடித்தால், வீட்டுப் பெரியவர் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டு, "எந்த மண்டபம், எத்தனை மணிக்கு?" என்று போன் போட்டுக் கேட்பார்.

ஆகவே முதல் வேலை, எது ஸ்கிரிப்டில் போகும், எது போகாது என்று பிரித்து வைப்பது. மணமகள் பெயர், மணமகன் பெயர், வேண்டுமானால் மேலே ஒரே ஒரு வரவேற்புச் சொல். அவ்வளவுதான். பெற்றோர் பெயர், தேதி, முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாம் சாதாரண நேர் எழுத்தில். எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். பல ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் 1-க்கும் 7-க்கும் ஒரு சிறு கொக்கிதான் வித்தியாசம். சிராங்கூன் சாலை 397-இல் இருக்கும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலின் அஞ்சல் குறியீடு 218123. அதில் இரண்டு 1, இரண்டு 2. ஸ்கிரிப்டில் அடித்துப் பாருங்கள், டாக்சி ஓட்டுநர் தடுமாறுவார். உறையின் மேல் எழுதும் முகவரிக்கும் இதே கதைதான். ஆறிலக்கக் குறியீட்டை இயந்திரம் படிக்க வேண்டும், அதற்கு அழகு தெரியாது.

நம் பெயர்களில் வரும் எஸ்/ஓ, டி/ஓ இன்னொரு தொல்லை. ஸ்கிரிப்டின் சாய்கோடும் சாய்ந்த எழுத்துகளும் ஒரே கோணத்தில் நிற்பதால், அந்தக் கோடும் ஓர் எழுத்து போலத் தெரியும். பெயரை மட்டும் ஸ்கிரிப்டில் விட்டு, 'இன்னாரின் மகள்' என்பதை அடுத்த வரியில் சிறிய நேர் எழுத்தில் போடுங்கள். முன்னெழுத்தும் அப்படித்தான். அலங்காரமான இரண்டு பெரிய எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றன் சுருள் இன்னொன்றின் வயிற்றில் குத்தும். முழுப் பெயரையும் பெரிய எழுத்திலேயே அடிப்பது அதைவிட மோசம். இந்த எழுத்துருக்களின் பெரிய எழுத்துகள் சொல்லின் தலையில் தனியாக நிற்பதற்கென்று வரைந்தவை, வரிசையாக நிற்க வராது.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது

இவ்வகை எழுத்தின் அழகு கூர்முனைப் பேனாவிலிருந்து வருகிறது. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனை பிளந்து தடித்த கோடு விழும், மேல்நோக்கிப் போகும்போது அழுத்தம் விட்டால் மயிரிழை விழும். இந்தத் தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையே உள்ள தூரம்தான் அழகு. அச்சகத்தில் வரும் சிக்கல்களில் பாதியும் அதே தூரத்திலிருந்துதான் வருகின்றன.

மேக் கணினி இருந்தால் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் ஏற்கெனவே உள்ளே இருக்கும். மேத்யூ கார்ட்டர் 1960களில் ஒளி அச்சுக்கோப்புக்காக, அதாவது ஈய எழுத்துக்குப் பதில் ஒளியால் படமெடுத்துக் கோக்கும் முறைக்காக, வரைந்தது. சதுர ஈயக்கட்டையில் சாய்ந்த எழுத்துகளை ஒன்றோடொன்று தொட வைப்பது பெரும்பாடு, ஒளி அச்சில் அந்தத் தடை இல்லை. இன்றைக்கும் அடக்கமான, ஒழுங்கான எழுத்து அது. மேக்கிலேயே இருக்கும் ஸப்ஃபினோ, ஹெர்மன் ஸப்ஃப் வரைந்து 1998-இல் வெளியானது. மேலும் கீழும் வெகுதூரம் வீசும். ஒரே ஒரு பெயருக்கு அருமை, இரண்டு வரி அடுக்கினால் சண்டை. எட்வர்டியன் ஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வந்து பலர் கணினியிலும் இருக்கிறது, ஆனால் இழைகள் மிக மெல்லியவை. செலவில்லாமல் வேண்டுமென்றால் கூகள் ஃபான்ட்ஸில் கிரேட் வைப்ஸ். திறந்த உரிமம் என்பதால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தடையில்லை. இணையத்தில் 'இலவசம்' என்று கிடைக்கும் மற்றவற்றில் உரிமத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும். சிலவற்றின் மாதிரிப் பதிப்பில் எண்களும் நிறுத்தற்குறிகளும் இருக்காது, கடைசி நேரத்தில்தான் அது தெரியவரும்.

தேர்ந்தெடுக்கும்போது எழுத்துருவின் பெயரையோ விளம்பரப் படத்தையோ பார்க்காதீர்கள். உங்கள் மணமக்களின் பெயரை அடித்துப் பாருங்கள். ஒரு பெயருக்கு ராஜாவாக இருக்கும் எழுத்துரு இன்னொரு பெயருக்குப் பொருந்தாமல் போகும். முதலெழுத்துதான் மொத்தத்தையும் தீர்மானிக்கிறது.

பெயரைக் கோப்பது

மீனாட்சி, அரவிந்த் என்று இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் மீனாட்சியின் தலையெழுத்து எம். பல எழுத்துருக்களில் அதன் தொடக்கச் சுருள் இடப்பக்கம் நீண்டு கிடக்கும். நடுவில் கே, எஸ், ஹெச் மூன்றும் அடுத்தடுத்து. கே-யின் கழுத்தும் ஹெச்-சின் கழுத்தும் ஒரே உயரத்துக்கு எழும்பி ஒரே பக்கம் சாயும், இடையில் எஸ் குனிந்து நிற்கும். அந்த மூன்றெழுத்துக் கூட்டம் தெளிவாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு தேறிவிட்டது. அரவிந்தில் பார்க்க வேண்டியது இரண்டு இடம். பெரிய ஏ அடுத்த எழுத்தைத் தொடாமல் தனித்து நிற்கும், ஆகவே அதற்கும் ஆர் எழுத்துக்கும் நடுவே ஓட்டை விழும். அந்த ஒரு இடைவெளியை மட்டும் கையால் நெருக்குங்கள். அடுத்து வி-யிலிருந்து ஐ-க்குப் போகும் இணைப்பு. மற்ற எழுத்துகளின் வால் கீழே முடியும், வி-யின் வால் மேலே முடியும். நல்ல எழுத்துரு அதைத் தானே உணர்ந்து மேல் இணைப்பைப் போடும். அதற்கு ஓபன்டைப் பட்டியலில் 'கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்' இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது அணைந்திருந்தால் அந்த இடத்தில் கோடு முறிந்து நிற்கும்.

கோடு முறிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் வேறு. எழுத்து இடைவெளி, அதாவது டிராக்கிங், எப்போதும் 0. அழைப்பிதழை 'காற்றோட்டமாக' காட்ட 20, 30 என்று ஏற்றிவிட்டால் எழுத்துகளின் கை விட்டுப்போகும். கெர்னிங்கை, அதாவது இரண்டிரண்டு எழுத்துகளுக்கு இடையே மென்பொருள் போடும் இடைவெளியை, 'ஆப்டிக்கல்' என்பதில் விடாதீர்கள், 'மெட்ரிக்ஸ்' அல்லது 'ஆட்டோ' வேண்டும். ஆப்டிக்கல் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி உருவமாக எண்ணி இடைவெளி போடுவதால், எழுத்துருவை வரைந்தவர் கணக்கிட்டு வைத்த தொடுபுள்ளிகளெல்லாம் கலையும். வரியை இரு ஓரமும் சமமாக இழுத்து நிறுத்துவதும் அதே கேட்டைச் செய்யும்.

சுருள்களுக்குக் கஞ்சத்தனம் நல்லது. 'ஸ்வாஷ்' என்ற தேர்வை முழுப் பெயருக்கும் தட்டிவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் வால் வளர்க்கும். முதல் பெயரின் தலையில் ஒன்று, இரண்டாம் பெயரின் கடைசியில் ஒன்று, போதும். கிளிஃப்ஸ் பலகையைத் திறந்து அந்தந்த எழுத்துக்கு மாற்று வடிவங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிற வீடு என்றால் மூலையிலிருந்து 10 மி.மீ. வரை எந்தச் சுருளும் போக வேண்டாம். தங்கக் கோட்டின் மேல் மஞ்சள் ஏறினால் கறை பட்ட மாதிரி இருக்கும். மேலே பிள்ளையார் சுழி வருமென்றால் அதற்கும் இடம் விடுங்கள், பெயரின் சுருள் போய் அதை உரசக்கூடாது.

நடுவில் நிறுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுத்தாக இருக்கும்வரை மென்பொருள் எழுத்துகளின் அகலத்தைக் கணக்கிட்டு நடுவில் வைக்கும், வெளியே நீட்டிய சுருள் அந்தக் கணக்கில் வராது. அவுட்லைனாக, அதாவது தட்டச்சித் திருத்த முடியாத வெறும் உருவமாக, மாற்றிய பிறகு சுருளையும் சேர்த்தே நடு பார்க்கும். இரண்டுக்கும் சில மி.மீ. வேறுபடும். சுருளைக் கையால் மறைத்துக்கொண்டு, உடல் எழுத்துகள் நடுவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு சுருள் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் 1 அல்லது 2 மி.மீ. நகர்த்துங்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது, கண்தான் கணக்கு.

தமிழ்ப் பக்கம்

தமிழுக்கும் அதே சாய்வு வேண்டும் என்று கேட்பார்கள். இணங்காதீர்கள். ஆங்கில ஸ்கிரிப்டின் சாய்வு கூர்முனைப் பேனாவின் கையசைவிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியே சுழித்து நிற்கும். நேர் எழுத்துருவை எடுத்து 'இட்டாலிக்' பொத்தானைத் தட்டினால் மென்பொருள் வெறுமனே உருவத்தைத் தள்ளிச் சாய்க்கும். வட்டங்கள் முட்டை வடிவமாகும், புள்ளி தன் எழுத்தை விட்டு நகர்ந்து அடுத்த எழுத்தின் தலைமேல் போய் உட்காரும்.

இரு பக்கமும் ஒரே குடும்பமாகத் தெரிய சாய்வு தேவையில்லை, கனமும் மென்மையும் ஒத்துப்போனால் போதும். ஸ்கிரிப்டின் கீழ்க்கோட்டுத் தடிமனை அளந்துகொள்ளுங்கள், தமிழின் தடித்த கோடும் ஏறக்குறைய அதே அளவுக்கு வரட்டும். தடிப்பும் மெலிவும் கலந்த நோட்டோ செரிஃப் தமிழ் பல கனங்களில் கிடைப்பதால் இந்த ஒப்பீடு எளிது. முனை மழுங்கிய மென்மை வேண்டுமானால் அரிமா. கையெழுத்துச் சாயல் இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டார் அடம்பிடித்தால் கவிவனார், அதன் சாய்வு தமிழுக்கென்றே வரைந்தது. அதில் ஒரே கனம்தான் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

அளவு எண்களை நம்பாதீர்கள். ஸ்கிரிப்டில் சிறிய எழுத்துகள் உண்மையிலேயே குட்டையானவை, உயரமெல்லாம் கழுத்திலும் வாலிலும் போய்விடும். ஆங்கிலப் பெயர் 48 பாயிண்ட் என்றால் தமிழ்ப் பெயர் 26 முதல் 30 பாயிண்டிலேயே சமமாகத் தெரியும். இரண்டையும் 48-இல் வைத்தால் தமிழ் கத்தும், ஆங்கிலம் முணுமுணுக்கும்.

இனி 'மீனாட்சி' என்பதைத் தமிழில் பெரிதாக்கிப் பாருங்கள். மீ-யின் மேல் விலங்குச் சுழி, ட்-இன் புள்ளி, சி-யின் மேல் விலங்கு மூன்றும் தலைக்கு மேலே. சில அலங்கார எழுத்துருக்களில் அந்தப் புள்ளியும் சி-யின் விலங்கும் ஒட்டிக்கொள்ளும், தூரத்தில் 'மீனாடசி' என்று தெரியும். 'அரவிந்த்' இன்னும் கடினம். கடைசியில் இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில். ர-வின் கால் கீழே சாயாமல் நேராக நிற்கும் எழுத்துருவில் அது துணைக்காலாகிவிடும், பெயர் 'அாவிந்த்' ஆகும். இவை இரண்டையும் தாண்டுகிற எழுத்துருவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலங்காரத் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பங்கு யூனிகோட் வருவதற்கு முந்தைய பழைய குறியாக்கத்தில் இருப்பவை. வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய யூனிகோட் வாசகத்தை அதில் ஒட்டினால் கட்டங்களோ குழப்பமோ வரும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் கொம்பு வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'ௌ' வர வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் தனித்தனியே வந்து உட்காருவது வழக்கமான பிழை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைத் தும்பிக்கை 'னை', 'லை' வடிவங்கள் சில எழுத்துருக்களில் எட்டிப்பார்க்கும். தாத்தா பாட்டி ரசிப்பார்கள், இங்கே பள்ளியில் புது வடிவத்தில் தமிழ் படித்த பிள்ளைகள் திணறுவார்கள். முகப்பில் ஒரு சொல்லுக்கு என்றால் குற்றமில்லை.

யூனிகோட் எழுத்துரு என்றால் மென்பொருளை முதலில் தயார்படுத்துங்கள். இன்டிசைனில் பத்திப் பலகைப் பட்டியலில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்', இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி விருப்பங்களை இயக்கிவிட்டுத் தெற்காசிய கம்போஸர். இதைச் செய்யாவிட்டால் 'கொ' உடைந்து, கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும், சில இடங்களில் புள்ளிவட்டம் முளைக்கும். அழைப்பிதழில் தவறாமல் வரும் 'ஸ்ரீ'-க்குத் தனிச் சோதனை வேண்டும். அதை ஸகரத்தாலும் ஶகரத்தாலும் இரு விதமாகத் தட்டச்சலாம், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எழுத்துரு ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் மற்றது ஸ், ரீ என்று பிரிந்து நிற்கும். பிரிந்தால் மற்ற முறையில் தட்டச்சிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அச்சுக்குப் போகுமுன்

இழைக்கோட்டைக் கணக்கிடுவது எளிது. எழுத்தின் அளவை 1000 அலகு என்று வைத்து, எழுத்துருவின் மிக மெல்லிய கோடு அதில் 20 அலகு என்றால், 12 பாயிண்டில் அது 0.24 பாயிண்ட், 36 பாயிண்டில் 0.72 பாயிண்ட். வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்றால் 0.25 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மை உள்ளே கசியும், ஆகவே 0.5 வேண்டும். தங்கத் தகடு ஒட்டும் ஃபாயில் வேலைக்கு 0.7 பாயிண்ட், அதாவது கால் மி.மீ. இருந்தால் நிம்மதி. சொரசொரப்பான தாளில் ஃபாயில் கோடு விட்டுவிட்டு விழும், இன்னும் கொஞ்சம் தடிமன் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு புறம், ஆங்கிலச் சிறிய இ-யின் கண்போன்ற ஓட்டை ஃபாயிலில் அடைந்துபோகும். இழை மெலிந்தால் உடையும், ஓட்டை சிறுத்தால் அடையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், எழுத்தைப் பெரிதாக்குவது. எழுத்தின் ஓரத்தைச் சுற்றி ஸ்ட்ரோக், அதாவது ஒரு கூடுதல் கோடு, சேர்த்துத் தடிமனாக்குவது குறுக்குவழி. 0.1 அல்லது 0.15 பாயிண்டுக்கு மேல் போனால் தடிப்பு மெலிவு வித்தியாசம் மழுங்கி எழுத்தின் உயிர் போய்விடும்.

ஃபாயில் இல்லாமல் 'தங்க நிறத்தில்' அச்சடிக்கக் கேட்டால், நான்கு வண்ண மையில் வருவது கடுகு நிறம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நிறத்தைப் பல மைகள் சேர்ந்து உண்டாக்குவதால் அச்சுத் தகடுகள் ஒரு மயிரிழை விலகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். சின்ன வாசகங்களுக்குத் தனிக் கறுப்பு மட்டும் வையுங்கள்.

அவுட்லைனாக மாற்றியதும் இன்னும் ஒரு படி இருக்கிறது, இதைத்தான் பலரும் விடுகிறார்கள். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததன் மேல் சற்றே ஏறிக் கிடக்கும். திரையில் தெரியாது. ஸ்ட்ரோக் கொடுத்தாலோ வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினாலோ ஒவ்வொரு மூட்டிலும் குறுக்குக்கோடு தோன்றும். இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டர் பலகையில் 'யுனைட்' கொடுத்து முழுப் பெயரையும் ஒரே உருவமாக்குங்கள். அதற்கு முன்பு திருத்தக்கூடிய எழுத்தாக ஒரு பிரதியைத் தனியே சேமித்து வையுங்கள். அத்தை பெயரின் எழுத்துக்கூட்டல் கடைசி நாளில்தான் மாறும்.

50, 100 அட்டைகள் என்றால் பென்கூலன் ஸ்திரீட்டில் சன்ஷைன் பிளாசாவில் இருக்கும் டிஜிட்டல் அச்சுக் கடைகள் போதும். கோப்பைச் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும்போது கழியும் கூடுதல் ஓரம், விட்டு பிடிஎஃப்பாகக் கொண்டுபோங்கள். மெய்ப்பைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே தாளில், அதே அளவில் ஒன்று எடுத்து, மணமக்களின் பெயரை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கிய இடத்தில் எழுத்தை மாற்ற வேண்டும். மேலுறையாக ஒளி ஊடுருவும் டிரேசிங் தாள் வைப்பதாக இருந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சுருளும். உறையில் போடும் நாள்வரை கட்டுப் பிரிக்காமல் தட்டையாக வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் போகும் படத்துக்கு 1080-க்கு 1920 பிக்சல் வைத்துக்கொண்டால் மெல்லிய கோடு 2 பிக்சலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கும்போது கரைந்துபோகும். படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் கூர்மை குறையாது.

மண்டப வாசலில் வைக்கும் வரவேற்புப் பலகைக்கு அதே பெயரை அக்ரிலிக்கில் வெட்டுவதுண்டு. படிக்கும் தூரம் 3 மீட்டர் என்றால் சாதாரண எழுத்துக்கு 25 மி.மீ. உயரம் என்பது கைக்கணக்கு, ஸ்கிரிப்டுக்கு அதைப்போல் இரு மடங்கு வையுங்கள். உயரத்தை அளப்பது சிறிய எழுத்தின் உடலில், சுருளின் உச்சியில் அல்ல. 3 மி.மீ. பலகையில் தனித்து நிற்கும் எழுத்து என்றால் எந்த இழையும் 3 மி.மீ.-க்குக் குறையக்கூடாது, குறைந்தால் எடுத்துப்போகும் வழியிலேயே ஒடியும். ஆகவே அட்டைக்கு வைத்த கோப்பு பலகைக்கு உதவாது, தடித்த வேறு ஸ்கிரிப்டில் மறுபடி கோக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஐ-யின் பொட்டு எதையும் தொடாமல் நிற்பதால் வெட்டியதும் கீழே விழும். விழுந்தாலும் பெயர் புரியும். தமிழில் புள்ளி விழுந்தால் 'அரவிந்த்' 'அரவிநத' ஆகிவிடும். பின்னால் தெளிந்த அக்ரிலிக் தகடு ஒன்று வைத்து எழுத்துகளையும் புள்ளிகளையும் அதன்மேல் ஒட்டச் சொல்லுங்கள். வெட்டுகிறவர் அந்தச் சின்ன வட்டங்களைக் கழிவு என்று குப்பையில் தள்ளிவிடுவார். எத்தனை புள்ளிகள் என்று எண்ணி வேலைச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்: மீனாட்சிக்கு ஒன்று, அரவிந்துக்கு இரண்டு.